கிரேக்கப் பெண் தெய்வங்கள்: புது நாவலில் படித்து ரசித்தால் குறைச்சலா?

கேள்வி (ஜூன் 4)

சர்சி, மெடூசா, பெர்செஃபொனி என்று வரிசையாக ஆங்கிலத்தில் நாவல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கல்லூரித் தோழிகள் எல்லோரும் படிக்கிறார்கள். நானும் மூன்று படித்தேன், நன்றாகத்தான் போகிறது. ஆனால் 2,700 வருஷப் பழைய தெய்வங்களின் வாயில் இன்றைய பெண்ணின் பேச்சைத் திணிக்கிறார்களோ என்று தோன்றுகிறது. மூலத்தைத் தொடாமல் இதை மட்டும் படித்து ரசிப்பது சரியா?

ஜூன் 4, இரவு

திணிக்கவில்லை தம்பி. ஹோமரின் பழைய காவியம் ஒடிசியின் ஐந்தாம் பகுதியை எடுத்துப் பாருங்கள். போர் முடிந்து ஊர் திரும்பும் ஒடிசியஸைத் தன் தீவில் வைத்திருக்கிறாள் கலிப்சோ என்ற பெண் தெய்வம். தெய்வங்களின் தூதன் ஹெர்மிஸ் வந்து கலிப்சோவிடம், ஒடிசியஸை ஊருக்கு அனுப்பிவிடு, தெய்வங்களின் அரசன் ஜீயஸின் உத்தரவு என்கிறான். அவளுக்கு முதலில் உடம்பு நடுங்குகிறது. அடுத்த நொடி சீறுகிறாள். உங்களைப் போலப் பொறாமை பிடித்தவர்கள் கிடையாது, ஒரு பெண் தெய்வம் ஒரு மனிதனோடு ஒளிவுமறைவு இல்லாமல் படுத்தால் உங்களுக்குப் பொறுக்காது என்கிறாள். விடியலின் தெய்வம் ஈயோஸ் ஒரியனை விரும்பினாள், வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் அம்பு அவனைக் கொன்றது. பயிர்களின் தெய்வம் டிமீட்டர் மூன்று முறை உழுத வயலில் இயாசியனோடு கூடினாள், ஜீயஸ் அவனை இடியால் எரித்தான். இப்போது என் முறையா? கப்பல் உடைந்து தனியாக மிதந்து வந்தவனைக் காப்பாற்றியது நான் அல்லவா?

இதை இந்த வருஷம் வந்த நாவலில் படித்திருந்தால், இது இன்றைய பேச்சு என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். ஹோமரில் இருக்கிறது. அதுவும் நாலு வரி அல்ல, நீண்ட பேச்சு.

ஜூன் 5, மதியம்

மூலத்தைத் தொட்டிருக்க வேண்டாமா என்ற பகுதிக்கு இப்போதுதான் நேரம் கிடைத்தது.

நான் பள்ளி முழுக்கத் தமிழ்வழியில் படித்தவள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. நூலகத்தில் ஹோமரின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று கிடைத்தது. ஒரு வாக்கியத்தில் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேடுவதற்குள் கதை கையை விட்டுப் போய்விடும். இது நமக்கான புத்தகம் இல்லை என்று வைத்துவிட்டேன். பல வருஷம் அப்படியே போனது.

பிறகு மேடலின் மில்லரின் 'சர்சி' ஒலிப்புத்தகமாகக் காதில் விழுந்தது. 2018ல் வந்த நாவல். இரவுப் பணியில் இருப்பு சரிபார்க்கும் வேலை இருக்கும், பேச்சுத் துணை இருக்காது. அந்த நேரத்தில் கேட்டேன். சூரிய தெய்வம் ஹீலியஸின் மகள், அப்பாவின் மாளிகையில் யாரும் மதிக்காத பெண், செடி கொடிகளைப் பறித்து, இடித்து, காய்ச்சி, தவறவிட்டு, மறுபடி காய்ச்சித் தன் வித்தையைக் கற்கிறாள். சூனியம் என்றால் கோலை அசைத்தால் நடப்பது என்று நினைத்திருந்தவளுக்கு, அதை உழைப்பாக எழுதியிருந்தது அப்படிப் பிடித்துப்போனது. எந்த வேரை எப்போது பிடுங்க வேண்டும், எது ஈரத்தில் கெடும், எதை உலர்த்தினால் வீரியம் கூடும் என்று அவள் யோசிக்கிற பக்கங்களில் என் தொழிலை எனக்கு முன்னால் யாரோ மரியாதையோடு வைத்த மாதிரி இருந்தது.

அதன் பிறகுதான் ஒடிசிக்குப் போனேன். எமிலி வில்சன் மொழிபெயர்ப்பு, 2017ல் வந்தது. ஒடிசியை ஆங்கிலத்தில் முழுமையாக மொழிபெயர்த்து வெளியிட்ட முதல் பெண் அவர். கிரேக்கத்தில் எத்தனை வரியோ அத்தனை வரிதான், மொழி எளிமை. சர்சி வருவது பத்தாம் பகுதியில். நாவலைக் கேட்டிராவிட்டால் நான் அந்தப் பத்தாம் பகுதி வரை போயிருக்கவே மாட்டேன். நாவல் மூலத்தை மறைக்கிறது என்று வாதாடுகிறவர்கள், மூலத்துக்குள் நுழைய எங்களைப் போன்றவர்களுக்கு வேறு எந்த வாசல் திறந்திருந்தது என்றும் சொல்ல வேண்டும்.

ஜூன் 5, மாலை

பாம்புக் கூந்தல் மெடூசா பற்றி, கடல் தெய்வம் பொசைடனையும் அறிவுத் தெய்வம் அதீனாவையும் சேர்த்து, மேலே ஒருவர் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும். "மூலக் கதையில் அதீனா கோயிலில் மெடூசாவைப் பொசைடன் கெடுத்தான், அதீனா பாதிக்கப்பட்டவளையே சபித்தாள்." அது ஓவிட் எழுதியது. ரோமானியர், லத்தீனில், கி.பி. 8ஆம் ஆண்டை ஒட்டி. அவருக்கு ஏறக்குறைய எழுநூறு வருஷம் முந்திய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் சொல்வது வேறு: மெடூசா கார்கன் சகோதரிகள் மூவரில் ஒருத்தி, மற்ற இருவருக்கும் சாவில்லை, அவளுக்கு உண்டு. பொசைடன் அவளோடு வசந்தப் பூக்கள் நிறைந்த புல்வெளியில் படுத்தான். சாபம் இல்லை, கோயில் இல்லை, அதீனா அந்தக் காட்சியிலேயே இல்லை.

ஆக இன்றைய மெடூசா நாவல்கள் "மூலம்" என்று கோபப்படுகிற காட்சியே ஒரு மறுகதைதான். அதனால் அது பொய்யாகிவிடாது. ஓவிடுக்கு ஒரு கோபம் இருந்தது, அதிகாரத்தில் இருப்பவர்கள் தண்டிக்கும் விதத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அர்ஜென்டினாவில் பிறந்த லூச்சியானோ கர்பாட்டி, பழைய கதையில் தன் தலையை வெட்டிய பெர்சியஸின் தலையை மெடூசா கையில் பிடித்து நிற்கும் சிலையை 2008ல் செய்தார். 2020ல் அது நியூயார்க்கில் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் நின்றது. ஹெசியட், ஓவிட், கர்பாட்டி. மூவரும் ஒரே வரிசையில் வருபவர்கள்.

ஜூன் 7, இரவு

டிமீட்டர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது நீளும்.

டிமீட்டருக்கான ஹோமரியத் துதிப்பாடல் கி.மு. ஏழு அல்லது ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 495 வரி. ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். டிமீட்டரின் மகள் பெர்செஃபொனி தோழிகளோடு பூப்பறிக்கிறாள். நூறு தலை விரிந்த ஒரு நார்சிசஸ் பூ, அவளை ஏமாற்றவே பூமி முளைக்கவிட்டது. கை நீட்டுகிறாள், நிலம் பிளக்கிறது, செத்தவர்கள் உலகத்தின் அரசன் ஹேடிஸ் தேரோடு வந்து தூக்கிப் போகிறான். அப்பன் ஜீயஸின் சம்மதத்தோடு. அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

பாட்டு அப்புறம் மகளை விட்டுவிட்டு அம்மாவின் பின்னால் போகிறது. ஒன்பது நாள், இரண்டு கையிலும் தீப்பந்தம், சாப்பாடு இல்லை, குளியல் இல்லை. மகளின் அலறலைக் கேட்டவள் ஹெக்கட்டி, பார்த்தவன் சூரியன். உண்மை தெரிந்ததும் டிமீட்டர் தெய்வங்களின் கூட்டத்தை விட்டே இறங்கிவிடுகிறாள். கிழவி வேஷத்தில் எலூசிஸ் ஊர்க் கிணற்றடியில் உட்கார்கிறாள். ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைக்கிறது. அந்தக் குழந்தைக்கு அமிர்தம் தடவி, இரவில் நெருப்புக்குள் வைத்து, சாவில்லாதவனாக ஆக்கப் பார்க்கிறாள். தாய் பார்த்து அலறிவிடுகிறாள். அதோடு அதுவும் போயிற்று.

இந்தக் குழந்தைப் பகுதியை இன்றைய மறுகதைகள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு அதுதான் பாட்டின் நடு. தன் பெண்ணைச் சாவின் வீட்டுக்குப் பறிகொடுத்துவிட்டவள், சாவிடமிருந்து வேறொருத்தியின் பிள்ளையைப் பறிக்கப் பார்க்கிறாள். அது நல்ல எண்ணமா, பழிவாங்கலா, வெறும் ஏக்கமா? பாட்டு சொல்வதில்லை. பணியில் நான் பார்த்திருக்கிறேன், பிள்ளையை இழந்த அம்மாக்கள் பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு மருந்து நேரம் தவறாமல் ஞாபகப்படுத்துவதை. அவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

பிறகு அவள் செய்வது வேலைநிறுத்தம். விதை முளைக்காது. மனிதர்கள் செத்தால் பலி கொடுக்க ஆளிருக்காது, பலி இல்லாவிட்டால் தெய்வங்களுக்கு மரியாதை ஏது? ஜீயஸ் முதலில் தூதுப்பெண் ஐரிஸை அனுப்புகிறான், பிறகு எல்லாத் தெய்வங்களையும் ஒவ்வொருவராகப் பரிசோடு அனுப்புகிறான். அவள் அசையவில்லை. கடைசியில் ஜீயஸ்தான் விட்டுக்கொடுத்து, பெண்ணை மேலே அனுப்பும்படி ஹேடிஸுக்குச் சொல்லியனுப்புகிறான். ஒரு பெண் ஜீயஸைப் பணியவைத்த கதை இத்தனை பழமையானது. இதில் யாரும் எதையும் நவீனப்படுத்த வேண்டியதே இல்லை.

ஒரு தகவலையும் சேர்க்கிறேன். இந்தப் பாட்டின் கையெழுத்துப் பிரதி ஒன்றே ஒன்று. அது மாஸ்கோவில் 1777ல்தான் கிடைத்தது. அதற்கு முந்திய பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவின் கவிஞர்களும் ஓவியர்களும் பெர்செஃபொனியைப் பெரும்பாலும் ஓவிட் வழியாகத்தான் அறிந்தார்கள். அவர்களும் "மூலத்தைத் தொடாமல்" ரசித்தவர்கள்தான்.

ஜூன் 7, இன்னும் கொஞ்சம்

யாம்பியைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. துக்கத்தில் பேசாமல் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிற டிமீட்டரைச் சிரிக்க வைத்தவள் அந்த வீட்டு வேலைக்காரி யாம்பி. கேலி பேசிப் பேசி, முதலில் புன்னகை, அப்புறம் சிரிப்பு. திராட்சைமது வேண்டாம் என்று சொல்லி, பார்லியும் தண்ணீரும் புதினா இனத்து இலை ஒன்றும் கலந்த பானத்தைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். டிமீட்டருக்காக எலூசிஸில் நடந்த விழாவுக்கு ஏதென்ஸிலிருந்து ஊர்வலம் போகும்போது ஆற்றுப் பாலத்தில் பெரிய மனிதர்களைக் கண்டபடி கேலி செய்யும் வழக்கம் இருந்திருக்கிறது. துக்கக் கதைக்குள் கேலிக்கு ஓர் இடம் ஒதுக்கியவர்கள். நாவலாசிரியர்கள் யாராவது யாம்பியை முழுப் பாத்திரமாக எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன்.

ஜூன் 8

"பெர்செஃபொனி ஹேடிஸைக் காதலித்தாள் என்று காட்டும் காமிக்ஸ் எனக்கு உயிர், அதைத் தப்பு என்பீர்களா" என்று கேட்ட தங்கச்சிக்கு.

'லோர் ஒலிம்பஸ்' இணையத்தில் 2018ல் தொடங்கி 2024ல் முடிந்தது. ரேச்சல் ஸ்மைத் வரைந்தது. இளஞ்சிவப்பு நிறப் பெர்செஃபொனி, நீல நிற ஹேடிஸ். நானும் கணிசமாகப் படித்திருக்கிறேன், நிறங்களுக்காகவே. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வகைக் கதைகள் எல்லாவற்றிலும் ஒன்று நடக்கிறது: காதல் செல்ல வேண்டுமானால் அம்மா இறுக்கிப் பிடிக்கிறவளாக, வில்லியாக ஆக வேண்டியிருக்கிறது. அந்த 495 வரியையும் படித்த பிறகு எனக்கு அது வலிக்கிறது.

பழைய பாட்டிலேயே ஒரு விரிசல் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். தின்றால் கீழே திரும்பி வந்தே ஆக வேண்டிய மாதுளை விதையை ஹேடிஸ் இரகசியமாகச் சாப்பிடக் கொடுத்தான் என்று பாடுகிறவர் சொல்கிறார். அம்மாவிடம் மகள் சொல்லும்போது, என் விருப்பமில்லாமல் வற்புறுத்திச் சாப்பிட வைத்தான் என்கிறாள். வற்புறுத்தல் முதல் தடவை சொன்னதில் இல்லை. அம்மாவுக்காகச் சேர்த்தாளா, பாடுகிறவருக்குத் தெரியாததைச் சொன்னாளா? இந்த ஒரு இடத்தில் கால் வைத்துத்தான் இரண்டு விதமான நாவலும் எழும்புகின்றன. இன்னொன்றும் உண்டு: வெளியே போகலாம் என்றதும் சந்தோஷத்தில் துள்ளி எழுகிறாள். அதற்குச் சற்று முன்புதான் ஹேடிஸ், நீ இங்கே இருக்கும்போது உயிருள்ள எல்லாவற்றையும் ஆள்வாய் என்கிறான். ஒடிசியில் அவள் அச்சம் தரும் ராணி. கடத்தப்பட்ட சிறுமி எப்போது ராணி ஆனாள் என்பதைப் பழைய நூல் எதுவும் கூடவே இருந்து காட்டவில்லை. அந்த இடைவெளியை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும்.

விதை எத்தனை என்பதிலும் சண்டை வேண்டாம். துதிப்பாடலில் ஒன்று, வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே. ஓவிடில் ஏழு, வருஷத்தில் பாதி.

ஜூன் 10

மருந்தகத்துக்காரி என்றதும் மோலிச் செடி பற்றிக் கேட்டுவிட்டீர்கள். ஒடிசியஸின் மாலுமிகளைப் பன்றிகளாக்கிய சர்சியின் மருந்து அவனுக்கு ஏறாமல் இருக்க ஹெர்மிஸ் கொடுத்த செடி. கறுப்பு வேர், பால் வெள்ளைப் பூ, மனிதர்கள் தோண்டுவது கடினம். 1983ல் இரண்டு நரம்பியல் மருத்துவர்கள் அது ஸ்னோடிராப் பூச்செடி என்று எழுதினார்கள். வாதம் இது: மாலுமிகள் ஊரை மறந்து மதிகெட்டுப்போனது ஊமத்தை மாதிரிச் செடியின் வேலை. ஸ்னோடிராப்பில் கேலன்டமின் இருக்கிறது, அது அந்த விஷத்தை எதிர்த்து வேலை செய்யக்கூடியது. கேலன்டமின் எங்கள் அலமாரியிலேயே உண்டு, அல்சைமர் நோயாளிகளுக்கு எழுதுவார்கள். அந்தக் கட்டுரை பற்றி அறிந்த அன்று அந்த அட்டையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது ஊகம்தான். எனக்கு இந்த ஊகம் பிடிக்கும், ஆனால் இதோடு கதை முடிந்தது என்று சொல்பவர்களைப் பிடிக்காது. மதிமயக்கம் என்று வைத்தால் பன்றிகள் எங்கே போயின? திரும்ப மனிதர்களானபோது முன்பைவிட இளமையாக, உயரமாக, அழகாக எழுந்தார்கள் என்கிறார் ஹோமர். அதற்கு மருந்துச்சீட்டு கிடையாது.

ஜூன் 13

'சர்சி' நாவலின் முடிவைப் பற்றி. படிக்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடுங்கள்.

முடிவில் சர்சி தன் தெய்வத்தன்மையை விட்டுவிடத் தீர்மானித்து மருந்தைக் குடிக்கிறாள். முதல் தடவை கேட்டபோது எனக்கு ஏமாற்றம். இவ்வளவு உழைத்துத் தன் சக்தியைக் கண்டுபிடித்தவள் எதற்காகச் சாகத் தயாராக வேண்டும்? மனிதர்களாக ஆக்கினால்தான் நமக்குத் தெய்வங்களைப் பிடிக்குமா? இந்த நாவல்கள் பலவற்றில் எனக்குள்ள குறை இதுவேதான். பெண் தெய்வத்தை நமக்குப் பக்கத்து வீட்டுத் தோழியாக்கிவிடுகிறார்கள். அவளிடம் இருக்கும் பயங்கரம் போய்விடுகிறது.

இந்த இழையில் கலிப்சோவைப் பற்றி எழுதிய பிறகு அது வேறு மாதிரித் தெரிகிறது. ஐந்தாம் பகுதியில் கலிப்சோ ஒடிசியஸிடம், என்னோடு இரு, உனக்குச் சாவில்லாமல் செய்கிறேன் என்கிறாள். என் மனைவி பெனலப்பி அழகில் உனக்கு ஈடில்லை, அவளுக்கு மூப்பும் சாவும் உண்டு, ஆனாலும் வீட்டுக்குத்தான் போக ஆசை என்கிறான். சாவாமையை ஒரு மனிதன் மறுக்கிறான். மில்லர் அதே மறுப்பை ஒரு தெய்வத்துக்குக் கொடுத்திருக்கிறார். பழைய கேள்விதான், கேட்கப்படுகிற ஆள் மாறியிருக்கிறாள். ஈயோஸ் தன் காதலன் டிதோனஸுக்குச் சாவாமை கேட்டாள், இளமை கேட்க மறந்தாள், அவன் சுருங்கிச் சுருங்கிக் குரலாக மட்டும் மிஞ்சினான் என்று காதல் தெய்வம் அஃப்ரொடைட்டிக்கான துதிப்பாடல் சொல்கிறது. சாகிறவர்களும் சாகாதவர்களும் சேர்ந்து வாழ முடியாது என்பதைச் சுற்றித்தான் இந்தக் கதைகள் எல்லாமே திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த வரிசையில் வைத்தால் நாவலின் முடிவு வலுவானது. இன்னும் முழுச் சம்மதம் இல்லை எனக்கு. ஆனால் ஏமாற்றம் போய்விட்டது.

ஜூன் 14

ஹீராவைப் பொறாமைக்காரி என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். ஹோமரின் இன்னொரு காவியமான இலியட், பதினான்காம் பகுதி. ட்ராய் போரில் ஜீயஸின் கவனத்தைத் திருப்ப வேண்டும். குளித்து, எண்ணெய் பூசி, அஃப்ரொடைட்டியிடம் மயக்கும் கச்சையை இரவல் வாங்கி, தூக்கத்தின் தெய்வத்துக்குப் பெண் தருவதாக ஆசை காட்டிப் படை திரட்டுவது போலத் திரட்டுகிறாள். ஜீயஸ் மயங்கிவிடுகிறான். மயங்கி அவன் மனைவியிடம் பேசும் காதல் மொழி என்ன தெரியுமா? இக்ஸியனின் மனைவியிடம்கூட, டனாயியிடம்கூட, யூரோப்பாவிடம்கூட எனக்கு இவ்வளவு ஆசை வந்ததில்லை என்று ஏழு பேரைப் பட்டியல் போடுகிறான். ஹீரா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு காரியத்தை முடிக்கிறாள். இதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி கேன்டீனில் தோழிகளுக்குச் சொன்னேன், தேநீர் ஆறும்வரை சிரித்தார்கள்.

ஜூன் 18

அதீனாவைப் பற்றி யாரும் நல்லதாக எழுதவில்லையே என்ற கேள்விக்கு.

உண்மைதான், நாவல்களில் அவள் குளிர்ந்தவள். காரணமும் இருக்கிறது. கி.மு. 458ல் மேடையேறிய எஸ்கிலஸின் நாடகத்தில் தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸுக்கு அவள் ஓட்டுப் போடுகிறாள், என்னைப் பெற்ற தாய் கிடையாது, நான் தந்தையின் பக்கம் என்கிறாள். அவளைக் கருவுற்ற மீட்டிஸை ஜீயஸ் விழுங்கிவிட்டான் என்ற கதையை அடுத்து வைத்துப் படித்தால் அந்த வார்த்தை நெஞ்சை அறுக்கும். நேட்டலி ஹெய்ன்ஸ் 2023ல் பெண் தெய்வங்களைப் பற்றி ஒரு கட்டுரைப் புத்தகம் எழுதினார், 'டிவைன் மைட்' என்று. மேடை நகைச்சுவையிலிருந்து வந்தவர், பழைய மட்பாண்டத்திலிருந்து இன்றைய சினிமா வரை சரளமாகப் போய் வருவார். தெய்வங்களைத் தோழியாக்காமல் எளிமையாகச் சொல்ல முடியும் என்பதற்கு அதைத்தான் காட்டுவேன்.

ஆனால் எனக்குப் பிடித்த அதீனா ஒடிசியின் பதின்மூன்றாம் பகுதியில் இருக்கிறாள். ஒடிசியஸின் ஊரான இத்தாக்காவில் இடையன் வேஷத்தில் நிற்கிறாள். வந்து இறங்கிய ஒடிசியஸ் அது தன் ஊர் என்று தெரியாமல் அவளிடமே நீளமாகப் பொய் சொல்கிறான். அவள் சிரித்து அவனைத் தடவிக்கொடுத்து, நீ மனிதரில் தந்திரக்காரன், நான் தெய்வங்களில் தந்திரக்காரி, என்னையே அடையாளம் தெரியவில்லையா என்கிறாள். காமம் இல்லாத இப்படி ஒரு பிரியம் ஒரு தெய்வத்துக்கும் மனிதனுக்கும் நடுவே எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய நாவல்கள் இந்தச் சிரிப்பை ஏன் விட்டுவிட்டன என்று எனக்கு வருத்தம்.

ஜூன் 19

மதுவின் தெய்வம் டயோனிசஸுக்காக, வீட்டு அடுப்பின் தெய்வம் ஹெஸ்டியா தெய்வங்களின் மலையான ஒலிம்பஸில் தன் ஆசனத்தை விட்டுக்கொடுத்தாள் என்று பகிர்ந்திருந்தீர்கள். பழைய நூல்களில் அப்படிக் கதை இல்லை. 1955ல் ராபர்ட் கிரேவ்ஸ் எழுதிய கிரேக்கப் புராணத் தொகுப்பில் இருந்து பரவியது. அஃப்ரொடைட்டி துதிப்பாடலில் அவள் தியாகி அல்ல: பொசைடனும் அப்பலோவும் பெண் கேட்டு வந்தபோது ஜீயஸின் தலையைத் தொட்டுச் சத்தியம் செய்து இருவரையும் மறுத்தவள். கல்யாணத்துக்குப் பதிலாக வீட்டின் நடுவிடத்தைப் பெற்றவள்.

ஜூன் 25

பன்னிரண்டு வயது மகளுக்கு எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்ட அம்மாவுக்கு: 'சர்சி' இப்போது வேண்டாம். அதில் ஒரு வன்புணர்வுக் காட்சி உண்டு, பெரியவர்களையே உலுக்குவது. மெடூசா நாவல்களும் பொறுக்கட்டும். ஆர்ட்டெமிஸ் நல்ல தொடக்கம். கலிமக்கஸின் துதிப்பாடலில் சின்னப் பெண்ணாக அப்பா மடியில் உட்கார்ந்து வில் வேண்டும், அம்பு வேண்டும், மலைகள் எல்லாம் வேண்டும், கல்யாணம் மட்டும் வேண்டாம் என்று பட்டியல் போடுகிறாள். அந்த வயதுப் பிள்ளைக்கு அது உடனே பிடிக்கும். டிமீட்டர் கதையைப் புத்தகமாகக் கொடுக்காமல் நீங்களே வாயால் சொல்லுங்கள், நெருப்பில் வைத்த குழந்தையை விட்டுவிடாமல். கடத்தியதைக் காதல் என்று மாற்றிச் சொல்ல வேண்டாம். ஏன் ஜீயஸ் அம்மாவிடம் கேட்கவில்லை என்று அவளே கேட்பாள்.